சிலிண்டர் வெளியே, அடுப்பு உள்ளே

நிக்டியில் ஒரு டிபன் வேன்

மகாராஷ்டிராவில் புனே நகரம் இருக்கிறது. புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரி–சிஞ்ச்வட் என்ற தொழில் நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் ஒரு பகுதிதான் நிக்டி. பழைய புனே–மும்பை நெடுஞ்சாலை நிக்டி வழியாகப் போகிறது. சுற்றிலும் தொழிற்சாலைகள் நிறைய. பிழைப்புத் தேடிப் பல மாநிலத்து மக்கள் இங்கே வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களும் உண்டு.

அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. கணவன், மனைவி, பத்து வயதில் ஒரு மகன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். சாலை ஓரத்தில் இட்லி, வடை, தோசை விற்கிறார்கள். முதலில் தள்ளுவண்டி வைத்திருந்தார்கள். பிறகு கடன் வாங்கி, ஒரு பழைய வேனை வாங்கினார்கள். வேனுக்கு உள்ளேயே அடுப்பு. உள்ளேயே மாவுப் பாத்திரம். உள்ளேயே கேஸ் சிலிண்டர்.

காலை ஐந்து மணிக்கு வேன் வந்து நிற்கும். மகனும் கூடவே வருவான். பள்ளிக்கு நேரம் ஆகும் வரை வேனுக்குள் சாக்கு விரித்துப் படுத்துத் தூங்குவான்.

மழை நாளில் ஒரு வாசனை

ஜூன் மாதம் வந்தால் நிக்டியில் மழை பிடித்துக்கொள்ளும். அன்றும் நல்ல மழை. சாரல் உள்ளே அடித்தது. வேனின் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டினார்கள். பின் கதவையும் மூடினார்கள்.

வழக்கமாக அங்கே டீ குடிக்க வரும் பெரியவர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவரும் தமிழர்தான். தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டினார். மூக்கைச் சுளித்தார்.

"தம்பி, கேஸ் வாசனை வருதே!"

"கொஞ்சம் வரும் பெரியப்பா. மழைக்கு மூடி இருக்கோம் இல்லையா, அதான்."

"அடுப்பைப் பத்த வெச்சிட்டியா?"

"இனிமேதான்."

"பத்த வைக்காதே! முதல்ல புள்ளையத் தூக்கிட்டுக் கீழே இறங்குங்க. தார்ப்பாயை அவிழ்த்து விடுங்க."

மூவரும் மழையில் நின்றார்கள். பெரியவர் சிலிண்டரை மூடினார். தார்ப்பாய், கதவு எல்லாவற்றையும் திறந்து விட்டார். வாசனை போகும் வரை யாரையும் உள்ளே விடவில்லை.

அன்று வியாபாரம் ஒரு மணி நேரம் தாமதம் ஆனது. ஆனால் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள்.

கேஸ் எங்கே போகும்?

பெரியவர் ஏன் இவ்வளவு பயந்தார்? அதைப் புரிந்துகொள்ள, கேஸின் குணம் தெரிய வேண்டும்.

சிலிண்டரில் இருப்பது புரோபேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தி அடைத்திருப்பதால் அது உள்ளே தண்ணீர் போலத் திரவமாக இருக்கிறது. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புவது அந்தத் திரவம்தான். வெளியே வரும்போது அது வாயுவாக மாறுகிறது.

இந்த வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஈத்தைல் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போல நாறுவது அதுதான். அந்த நாற்றம் நமக்குத் தரும் எச்சரிக்கை.

இப்போது முக்கியமான விஷயம். சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அதனால் அது புகை போல மேலே போகாது. தண்ணீர் போலக் கீழே இறங்கும். தரையோடு பரவும். பள்ளத்தில் தேங்கும்.

நிக்டியில் சில அடுக்குமாடி வீடுகளில் குழாய் வழியாகக் கேஸ் வருகிறது. அது வேறு கேஸ். அதில் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேன் காற்றை விட இலேசானது. கசிந்தால் மேலே போகும். சிலிண்டர் கேஸ் கீழே போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வேனின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேலே ஜன்னல். கீழே தகரத் தரை. தரையில் ஓட்டை இல்லை. கசிந்த கேஸ் ஜன்னல் வழியாகப் போகாது. தொட்டியில் தண்ணீர் போலத் தரையில் நிற்கும். தரையில்தான் பையன் படுத்திருந்தான்.

ஒரு சொம்பு போதும்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒரு லிட்டர் திரவக் கேஸ் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அரை லிட்டர் என்றால் 125 லிட்டர்.

100 பங்கு காற்றில் 2 பங்கு கேஸ் கலந்தாலே போதும். ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். மூடிய இடமாக இருந்தால் வெடிக்கும்.

ஒரு சிறிய வேனின் உள்ளே சுமார் 6,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் 2 பங்கு என்றால் 120 லிட்டர் கேஸ்.

அதாவது, அரை லிட்டர் திரவம் கசிந்தால் போதும். ஒரு சிறிய சொம்பு அளவு! கடைக்கு வாங்கும் 19 கிலோ சிலிண்டரில் இப்படி எத்தனை சொம்பு இருக்கும்? அறுபதுக்கு மேல் இருக்கும்.

வீட்டுச் சமையலறை பெரியது. கதவு, ஜன்னல் உண்டு. வேன் சின்னது. அதனால் வீட்டை விட வேனில் ஆபத்து அதிகம்.

மதுரையில் நடந்தது

சக்கரம் வைத்த வண்டிக்குள் சிலிண்டர் இருந்தால் என்ன ஆகும்? தமிழ்நாடு அதை ஒரு முறை பார்த்துவிட்டது.

2023 ஆகஸ்ட் 26. விடியற்காலை. மதுரை ரயில் நிலையத்தில் ஒரு சுற்றுலாப் பெட்டி தனியாக நிறுத்தப்பட்டிருந்தது. லக்னோவில் இருந்து யாத்திரை வந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஐந்து மணிக்குப் பிறகு பெட்டியில் தீப்பிடித்தது. 9 பேர் இறந்து போனார்கள். பயணிகள் விதியை மீறிக் கேஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் கொண்டு வந்திருந்தார்கள் என்றும், அதுவே தீக்குக் காரணம் என்றும் ரயில்வே தெரிவித்தது.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டு வரவில்லை. வழியில் டீ போடலாம், சமைக்கலாம் என்று கொண்டு வந்தார்கள். ஆனால் தீ எண்ணத்தைப் பார்ப்பதில்லை.

ரயிலில் சிலிண்டர் கொண்டு போவது குற்றம். அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ஊருக்குப் போகும்போது அடுப்பையும் சிலிண்டரையும் மூட்டையில் கட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

வெளியே வைப்பது எப்படி?

மறுநாள் வேன்காரர் பெரியவரிடம் கேட்டார்.

"வேனுக்குள்ள சமைக்காம எங்களுக்குப் பிழைப்பு இல்லை பெரியப்பா. என்ன செய்யறது?"

"சமைக்க வேண்டாம்னு நான் சொல்லலை தம்பி. அடுப்பு உள்ளே இருக்கட்டும். சிலிண்டர் வெளியே போகட்டும்."

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்கா போன்ற நாடுகளில் மோட்டார் ஹோம் என்ற வண்டிகள் உண்டு. வண்டியே வீடு. படுக்கை, சமையல் எல்லாம் அதற்குள்ளே. ஆனால் புரோபேன் தொட்டி மட்டும் உள்ளே இருக்காது. வண்டியின் அடியிலோ, பக்கத்தில் தனி அறையிலோ இருக்கும். அந்த அறையில் இருந்து வீட்டுப் பகுதிக்குள் கேஸ் வர வழி இருக்காது. கசிந்தால் வெளியே போகக் கீழே துளை இருக்கும். ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறவர்கள், வெளியே தரையில் இன்னொரு தொட்டியை வைத்து இணைத்துக்கொள்வார்கள். அந்த இணைப்பை ரெகுலேட்டருக்கு முன்னால் கொடுப்பார்கள். அப்போது இரண்டு தொட்டியின் கேஸும் ரெகுலேட்டர் வழியாகத்தான் உள்ளே வரும்.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது? சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம். அடுப்புக்கு அவ்வளவு வேண்டாம். ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து அனுப்புகிறது. அணையில் இருந்து மதகு வழியாக வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது போல. ரெகுலேட்டரைத் தாண்டாத கேஸ் வண்டிக்குள் வரவே கூடாது.

நம் வேனுக்கும் இதே முறைதான். செய்ய வேண்டியவை இவை:

1. வேனின் பின்புறம், வெளியே, ஓர் இரும்புக் கூண்டு வேண்டும். சிலிண்டரின் முழு எடையையும் அது தாங்க வேண்டும். 19 கிலோ என்பது கேஸின் எடை மட்டுமே. இரும்பு எடை தனி.

2. கூண்டுக்கும் வேனுக்கும் நடுவில் ஓட்டை இல்லாத தகடு வேண்டும். கூண்டின் வெளிப்பக்கம் கம்பி வலை வேண்டும். அடியில் கட்டாயம் துளைகள் வேண்டும். கசிந்த கேஸ் அந்த வழியாகக் கீழே இறங்கிக் காற்றில் கலந்துவிடும்.

3. புகைக்குழாய், பேட்டரி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கூண்டு இருக்கக் கூடாது.

4. சிலிண்டர் எப்போதும் நேராக நிற்க வேண்டும். பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாய்க்குள் வந்துவிடும். அடுப்பில் தீ பெரிதாகச் சீறும்.

5. கூண்டில் இருந்து அடுப்பு வரை உலோகக் குழாய் வேண்டும். நீளமான ரப்பர் டியூப் ஆகாது. குழாய் தகரத்தைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் தகர விளிம்பு குழாயை அறுத்துவிடும்.

6. அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், மூடித் திறக்க ஒரு வால்வு வேண்டும்.

7. குழாய்க்கும் அடுப்புக்கும் நடுவில் மட்டும் சிறிய டியூப் போடலாம். அது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுரக்ஷா டியூப்பாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உள்ளே கம்பி வலை இருக்கும்.

இந்தக் குழாய் வேலையை நாமே செய்யக் கூடாது. கேஸ் ஏஜென்சி மூலம், பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு செய்ய வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

எந்தச் சிலிண்டர் வாங்குவது?

வீட்டுக்குத் தருவது 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர். அதைக் கடைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்க வேண்டும். விலை அதிகம்தான். அதனால் பலர் கள்ளத்தனமாகக் கேஸ் மாற்றித் தருகிறவர்களிடம் போகிறார்கள். அது பெரிய ஆபத்து.

2023 அக்டோபரில், நிக்டியில் இருந்து தூரம் இல்லாத தாத்தவடேயில் அப்படித்தான் நடந்தது. ஒரு டேங்கர் லாரியில் இருந்து திருட்டுத்தனமாகச் சிலிண்டர்களில் கேஸ் நிரப்பினார்கள். தீப்பிடித்தது. சிலிண்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்தன. பக்கத்தில் நின்ற பள்ளிப் பேருந்துகளும் எரிந்தன.

சின்னக் கடைக்கு 5 கிலோ சிலிண்டரும் உண்டு. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அதற்குச் 'சோட்டு' என்று பெயர் வைத்தது. வெளியூரில் இருந்து வந்தவர்களுக்கு முகவரிச் சான்று கிடைப்பது கஷ்டம். இதை வாங்க அடையாள அட்டை போதும்.

சிலிண்டர் மாட்டும் முறை

வேன்காரரின் மனைவி முதியோர் வகுப்பில் படிக்கக் கற்றவர். புதுச் சிலிண்டர் வந்ததும் பெரியவர் அவரிடம் சொன்னார்.

"இங்கே பாரும்மா, கைப்பிடிக்குக் கீழே பட்டையில என்ன எழுதி இருக்குன்னு படி."

"ஒரு ஆங்கில எழுத்து இருக்கு பெரியப்பா. பக்கத்துல இரண்டு நம்பர்."

"அதுதான் சிலிண்டரைச் சோதிக்க வேண்டிய தேதி."

அந்த எழுத்து நான்கு வகை. 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. 'பி' என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. 'சி' என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. 'டி' என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எண் வருடத்தைக் குறிக்கும். 'பி 29' என்று இருந்தால், 2029 ஜூன் மாதத்துக்குள் சோதிக்க வேண்டும் என்று பொருள். தேதி கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

அந்த அம்மா பழைய டியூப்பையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் வருடம் அச்சிட்டிருந்தது. விரல் விட்டு எண்ணினார்.

"ஏங்க, இது வந்து ஏழு வருஷம் ஆச்சு! அஞ்சு வருஷத்துல மாத்தணுமாமே?"

கணவர் டியூப்பை வளைத்துப் பார்த்தார். வளைவில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அன்று வாசனை வந்தது அங்கே இருந்துதான்.

சிலிண்டர் மாட்டும்போது இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

1. வண்டி எஞ்சினை அணையுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, பீடி எதிலும் நெருப்பு இருக்கக் கூடாது.

2. சிலிண்டரின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். கசிந்தால் அதே மூடி வேண்டும்.

3. வாய்க்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ரெகுலேட்டரின் குமிழ் மூடிய நிலையில் இருக்கட்டும். பிறகு மாட்டுங்கள். மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வரக் கூடாது.

5. சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பிறகு ரெகுலேட்டரைத் திறங்கள். குமிழி வந்தால் கசிவு. உடனே மூடுங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கவே கூடாது.

6. குமிழி இல்லை என்றால் அடுப்பைப் பற்ற வைக்கலாம். முதலில் தீக்குச்சியைக் கிழியுங்கள். பிறகு அடுப்பின் குமிழைத் திறங்கள்.

வீட்டில் சிலிண்டர் ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறது. வண்டியோ தினமும் குலுங்குகிறது. குலுங்கினால் இணைப்பு தளரும். அதனால் வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்க வேண்டும். தினமும் வண்டியை நிறுத்திய பிறகு, சோப்பு நுரை போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வாசனை வந்தால்

• ரெகுலேட்டரை மூடுங்கள்.
• எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். முதலில் குழந்தைகள்.
• கதவு, ஜன்னல், தார்ப்பாய் எல்லாம் திறங்கள்.
• எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சில் பொறி வரும். வண்டியையும் கிளப்பாதீர்கள்.
• தூரமாகப் போய் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது கேஸ் கசிவுக்கான அவசர எண். இரவும் பகலும் பேசலாம்.
• தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். பொருளை எடுக்க உள்ளே போகாதீர்கள்.

இப்போது அந்த வேன்

கூண்டு, குழாய், டியூப் எல்லாம் போட்டு முடிக்க அந்தக் குடும்பத்துக்கு இரண்டு மாதம் ஆனது. பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்தார்கள். அதுவரை தார்ப்பாயை இறக்கவில்லை. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு தோசை சுட்டார்கள்.

இப்போது சிலிண்டர் வெளியே கூண்டில் நிற்கிறது. காலையில் வேன் வந்து நின்றதும், அந்த அம்மா சோப்பு நுரைக் கிண்ணத்தோடு இறங்குகிறார். பார்த்து முடித்த பிறகுதான் கணவர் தீக்குச்சியை எடுப்பார்.

மகன் இப்போது வேனில் படுப்பதில்லை. பெரியவர் வீட்டுத் திண்ணையில் படுக்கிறான். பள்ளி நேரத்துக்கு அவரே எழுப்பி விடுகிறார்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மேலே போகுமா, கீழே போகுமா? ஏன்?
2. கூண்டின் அடியில் துளை எதற்கு?
3. உங்கள் வீட்டுச் சிலிண்டரில் உள்ள எழுத்தும் எண்ணும் என்ன? எந்த மாதத்துக்குள் சோதிக்க வேண்டும்?
4. உங்கள் டியூப் எந்த வருடத்தில் செய்தது? இன்றே பார்த்து எழுதி வையுங்கள்.
5. உங்கள் தெருவில் வண்டிக்குள் சிலிண்டர் வைத்திருப்பவர் யார்? அவருக்கு இதைப் படித்துக் காட்டுவீர்களா?